பிள்ளையின் வாத்தியமும் பெற்றோரின் கோபமும்

 

இம்மாதம் நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது தொழுகையின் ஷர்த்துகளைப் பற்றியோ ஜகாத்தின் கணக்கைப் பற்றியோ அல்ல. வீட்டுக்குள் எழுகின்ற ஓர் ஓசையைப் பற்றியும், அந்த ஓசையால் வீட்டுக்குள் விழுகின்ற மௌனத்தைப் பற்றியும் பேசப் போகிறோம். ஒரு காலத்தில் ரேடியோப் பெட்டிக்காக வீடுகளில் சண்டை நடந்தது. பிறகு டேப் ரிகார்டர் வந்தது. அதற்காகவும் சண்டை நடந்தது. அந்தப் பெட்டிகளையெல்லாம் திருகி அணைத்துவிடலாம். இன்றோ பிள்ளையே வாசிக்கிறான். கைப்பேசியில் பாடம் பார்த்து, கீபோர்டோ கிதாரோ டிரம்ஸோ தானாகப் பயில்கிறான். பெட்டியை அணைத்ததுபோலப் பிள்ளையை அணைத்துவிட முடியாது.

சேர்வராயன் மலையிலுள்ள மஞ்சக்குட்டையை எண்ணிக்கொள்வோம். ஏற்காட்டை அடுத்து, காப்பித் தோட்டங்களுக்கும் மிளகுக் கொடிகளுக்கும் நடுவே கிடக்கிற ஊர். அங்கே நம்மவர் குடும்பம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அத்தா ஏற்காட்டில் சிறு கடை நடத்துகிறார். அம்மா வீட்டோடு. நோயில் படுத்த நன்னி உள்ளறையில். மகனுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு. ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்டு பக்கத்தில் ஒரு தோட்டத் தொழிலாளியின் குடும்பம். மகன் பழைய டிரம்ஸ் ஒன்றைச் சேலத்திலிருந்து கொண்டுவந்து இறக்கிவிட்டான். மாலையில் தொடங்கினால் இஷாவுக்குப் பிறகும் நிற்பதில்லை.

மலையில் இருப்போருக்கு நாம் சொல்லப் போவது தெரிந்திருக்கும். பகலில் பக்கத்துத் தெருவுக்குக் கேட்காத சத்தம் இரவில் எதிர்ச் சரிவு வரையில் போகிறது. இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தங்கிவிடுகிறது. அதற்கு மேலே சற்று வெப்பமான காற்று மூடிபோல நிற்கிறது. மேலே போக வேண்டிய ஓசை அந்த மூடியில் வளைந்து திரும்பக் கீழே இறங்குகிறது. தகரக் கூரை வேறு கூடச் சேர்ந்து அதிர்கிறது. காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில், இருட்டோடு எழுந்து வேலைக்குப் போக வேண்டியவர்கள் அந்தச் சரிவில் படுத்திருக்கிறார்கள்.

அத்தா முதலில் முணுமுணுத்தார். பிறகு அதட்டினார். ஒருநாள், “ஹராமான காரியத்தை என் வீட்டில் வைத்துச் செய்யாதே” என்று சொல்லிக் குச்சிகளை ஒடித்துப் போட்டார். மகன் மறுமொழி சொல்லவில்லை. அன்றிலிருந்து அத்தாவோடு பேசுவதுமில்லை. அவருக்குப் பக்கத்தில் தொழுகைக்கு நிற்பதுமில்லை. இந்தக் கடைசி விஷயந்தான் நம்மைக் கவலைகொள்ளச் செய்கிறது. ஒடிந்த குச்சிக்குப் பதில் வேறு குச்சி வாங்கலாம். ‘மார்க்கம் என்றாலே அத்தாவின் கோபம்’ என்று ஒரு பிள்ளையின் மனத்தில் பதிந்துவிட்டால் அதைத் துடைப்பது எளிதன்று.

இந்தச் சண்டையில் மூன்று முடிச்சுகள் ஒன்றாகக் கிடக்கின்றன. வாத்தியத்தைப் பற்றி ஷரீஅத் என்ன சொல்கிறது என்பது ஒன்று. வீட்டாருக்கும் அண்டை வீட்டாருக்கும் ஏற்படுகிற தொல்லை இன்னொன்று. தகப்பன் கண்டிக்கும் முறை மூன்றாவது. இவற்றைப் பிரித்துப் பார்க்காதவரையில் யார் பக்கம் நியாயம் என்று எவராலும் சொல்ல முடியாது.

அத்தாவை நாம் ஒரு கேள்வி கேட்கிறோம். மகன் டிரம்ஸை விட்டுவிட்டு, அதே நேரத்தில், அதே அறையில், ஒலிபெருக்கி வைத்து இரவு 11 மணிக்குக் கிராஅத் ஓதினால் நன்னியின் உறக்கம் கெடாதா? பக்கத்து வீட்டுக் குழந்தை விழித்து அழாதா? கெடும், அழும் என்றால், தலைவலி வாத்தியத்தால் மட்டும் வந்ததன்று, சத்தத்தால் வந்தது. தன் தலைவலிக்கு ஹராம் என்று பெயர் சூட்டுவது மார்க்கத்துக்குச் செய்யும் சேவையாகாது.

இது நம் சொந்த யோசனையன்று. நாயகம் (ஸல்) அவர்கள் பள்ளிவாசலில் இஃதிகாஃப் இருந்தபோது, தோழர்கள் உரத்த குரலில் குர்ஆன் ஓதுவதைச் செவியுற்றார்கள். திரையை விலக்கி, நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் ரப்போடு உரையாடிக்கொண்டிருக்கிறீர்கள். ஒருவர் மற்றவருக்குத் தொல்லை கொடுக்க வேண்டாம், ஓதுவதில் ஒருவர் குரலுக்கு மேல் மற்றவர் குரலை உயர்த்த வேண்டாம் என்ற கருத்தில் அறிவுறுத்தினார்கள். அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்களின் அறிவிப்பாக அபூதாவூதில் இது வருகிறது. ஓதப்பட்டது அல்லாஹ்வின் வேதம். ஓதியவர்கள் ஸஹாபாக்கள். ஓதிய இடம் பள்ளிவாசல். அங்கேயே குரலுக்கு அளவு வைக்கப்பட்டதென்றால் டிரம்ஸுக்கு வைக்க வேண்டாமா? மகனிடம் முதலில் சொல்ல வேண்டியது இந்த ஹதீஸைத்தான். ‘உன் வாத்தியம் என்பதற்காக உன்னைத் தடுக்கவில்லை, ஓதுகிறவனுக்கும் இதே சட்டந்தான்’ என்று சொன்னால் அவன் கேட்பான். ஓரவஞ்சனை இல்லாத சட்டத்துக்குப் பிள்ளைகள் கட்டுப்படுவார்கள்.

இன்னொரு சம்பவமும் உண்டு. இரவுத் தொழுகையில் அபூபக்ர் (ரலி) அவர்கள் மிக மெதுவாகவும் உமர் (ரலி) அவர்கள் மிக உரத்தும் ஓதுவதை நாயகம் (ஸல்) அவர்கள் கவனித்தார்கள். பிறகு முன்னவரைச் சற்று உயர்த்தும்படியும் பின்னவரைச் சற்றுத் தாழ்த்தும்படியும் சொன்னார்கள். உமரை நிறுத்தச் சொல்லவில்லை. சற்றுத் தாழ்த்தச் சொன்னார்கள். வீட்டில் சண்டை வரும்போது நமக்கு ‘நிறுத்து’ என்ற ஒரு சொல்தான் வாயில் வருகிறது. ‘சற்றுத் தாழ்த்து’ என்பதும் சுன்னத்தான சொல்தான். தம் மகனுக்கு லுக்மான் (அலை) அவர்கள் செய்த உபதேசத்தைத் திருமறையின் 31-ஆம் அத்தியாயத்தில் காண்கிறோம். குரலைத் தாழ்த்திக்கொள்ளச் சொன்ன அந்தத் தகப்பனார் ‘என் அருமை மகனே’ என்று எத்தனை தடவை அழைக்கிறார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இனி வாத்தியத்தின் சட்டத்துக்கு வருவோம். இதில் மழுப்பக் கூடாது. நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை இமாம்கள் நரம்பு வாத்தியங்களையும் குழல் வாத்தியங்களையும் விலக்கப்பட்டவையாகவே கொள்கிறார்கள். மதுவோடும் விபசாரத்தோடும் இசைக்கருவிகளைச் சேர்த்துச் சொல்லும் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. அதே புகாரியில் இதுவும் இருக்கிறது: பெருநாளன்று ஆயிஷா நாயகி (ரலி) அவர்களின் வீட்டில் இரண்டு சிறுமிகள் தஃப் அடித்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் போர்வையால் மூடிப் படுத்திருந்தார்கள். உள்ளே வந்த அபூபக்ர் (ரலி) அவர்கள் அதட்டியபோது, நாயகம் (ஸல்) அவர்கள் முகத்திலிருந்து போர்வையை விலக்கி, விட்டுவிடும்படி சொன்னார்கள். ஒவ்வொரு சமுதாயத்துக்கும் ஒரு பெருநாள் உண்டு என்று காரணமும் சொன்னார்கள். கலியாணத்திலும் பெருநாளிலும் தஃப் ஆகும் என்பதில் உலமாக்களுக்குள் சச்சரவு இல்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் இசை கேட்பதைப் பற்றித் தனி நூற்பகுதியே எழுதியிருக்கிறார்கள். அக்காலத்தில் குடிகாரர்களின் அடையாளமாக இருந்த குழலையும் நரம்பையும் விலக்கி, மற்றவற்றில் கேட்பவரின் நிலையையும் பாட்டின் பொருளையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்பெயின் தேசத்து இப்னு ஹஸ்ம் (ஹிஜ்ரி 456-ல் மறைந்தவர்) தடையைச் சொல்லும் ஹதீஸ்களின் தொடரிலேயே குறை கண்டு மறுத்திருக்கிறார். ஹழ்ரத் இப்னு உமர் (ரலி) அவர்கள் வழியில் ஓர் இடையனின் குழலோசையைக் கேட்டுக் காதில் விரலை வைத்துக்கொண்டு பாதையை மாற்றிக்கொண்டார்கள் என்ற செய்தி அபூதாவூதில் வருகிறது. அதைப் பதிவு செய்த இமாம் அவர்களே அதன்மீது தம் ஆட்சேபத்தையும் எழுதியிருக்கிறார்கள். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த அறிவிப்பின்படி இப்னு உமர் (ரலி) அவர்கள் தம் காதை மூடினார்கள். இடையனிடம் ஓடிப்போய்க் குழலைப் பிடுங்கி உடைக்கவில்லை.

நாம் இதில் பெரும்பான்மை இமாம்களின் பக்கமே நிற்கிறோம். வீட்டில் வாத்தியம் இல்லாமல் இருப்பதே பேணுதல் என்பது நம் கருத்து. ஆனால் அதைச் சொல்கிறவருக்குச் சில கடமைகள் உண்டு. அறிந்து சொல்ல வேண்டும். கருத்து வேறுபாடு இருப்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகத் தன்மீதும் அதே சட்டத்தைச் செலுத்திக்கொண்டு சொல்ல வேண்டும். மகனை அதட்டிக்கொண்டிருக்கும்போதே அத்தாவின் சட்டைப் பையில் கைப்பேசி மணியடிக்கிறது. மணியோசை என்ன? சினிமாப் பாட்டு! கூடத்தில் தொலைக்காட்சித் தொடர் முழுச் சத்தத்தில் ஓடுகிறது. அதன் ஒவ்வொரு கண்ணீருக்கும் வயலின் வாசிக்கிறார்கள். அதை அணைக்காமல் உள்ளறை டிரம்ஸை மட்டும் ஹராமாக்கினால் பிள்ளை சிரிப்பான். சிரிக்காவிட்டால் மனத்துக்குள் எழுதி வைத்துக்கொள்வான்.

தமிழகத்து முஸ்லிம் வீடுகள் பாட்டே அறியாத வீடுகள் அல்ல என்பதையும் நினைவூட்ட விரும்புகிறோம். கிஸ்ஸா, முனாஜாத்து, நாமா, மசாலா, படைப்போர் என்று நமக்கென்றே பாவகைகளை உண்டாக்கிக்கொண்டவர்கள் நம் முன்னோர். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தைக் கூடியிருந்து ஓதிக் கேட்டவர்கள். குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களைப் பாடியவர்கள். 1925-ல் பிறந்து 2015-ல் மறைந்த நாகூர் ஈ. எம். ஹனிபாவின் குரல் கேட்காத முஸ்லிம் கலியாண வீடு ஒரு காலத்தில் அரிது. ஆகவே தாளத்தில் கை துடிக்கிற பிள்ளை வேறெங்கிருந்தோ வந்து விழுந்தவனல்லன். நம் வீட்டில் பிறந்தவன்தான். அந்தத் துடிப்புக்கு நாம் வேறு வழி காட்டினோமா என்பதுதான் கேள்வி.

அடித்து விரட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பலரும் அறிந்த சான்று இருக்கிறது. லக்னோவில் 1919-ல் பிறந்தவர் நௌஷாத் அலி. தகப்பனார் நீதிமன்றத்தில் முன்ஷி, மார்க்கப் பற்றுள்ளவர். மகனோ ஆர்மோனியப் பெட்டிகள் விற்கும் கடையில் வேலை செய்து, அங்கேயே வாசித்துப் பழகினார். வீட்டில் தெரிந்தபோது தகப்பனார் ஒரே நிபந்தனை போட்டார்: வீடா, இசையா, ஒன்றைத் தேர்ந்துகொள். மகன் 1937-ல் பம்பாய்க்குப் போய்விட்டார். வாழ்ந்துகாட்டினார், இந்தித் திரைப்படங்களின் பெரும் இசையமைப்பாளரானார், 1981-ல் தாதா சாகேப் பால்கே விருதும் பெற்றார்.

அந்தப் புகழை எடுத்துக்காட்டி, பார்த்தீர்களா, விட்டிருந்தால் நல்லதுதானே என்று சொல்ல நாம் வரவில்லை. நமக்குப் படிப்பினை வேறோரிடத்தில் இருக்கிறது. அவருக்குப் பெண் பேசியபோது, இசைக்காரன் என்றால் பெண் கொடுக்கமாட்டார்கள் என்று அஞ்சி, பையன் பம்பாயில் தையற்காரன் என்று வீட்டார் சொல்லி வைத்தார்கள். 1944-ல் வெளிவந்த ரத்தன் படத்தின் பாட்டுகள் அப்போது ஊரெல்லாம் முழங்கிக்கொண்டிருந்தன. நிக்காஹ் ஊர்வலத்துக்கு வந்த பேண்டுக்காரர்களும் அவற்றையே வாசித்தார்கள். அவை மாப்பிள்ளையின் பாட்டுகள் என்று பெண் வீட்டாருக்குத் தெரியாது. மாப்பிள்ளை வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். பிற்காலத்தில் அவரே இதைச் சிரித்துக்கொண்டு சொல்வதுண்டு. நமக்குச் சிரிப்பு வரவில்லை. தகப்பனார் தடுக்க நினைத்தது இசையை. இசை நிற்கவில்லை. புதிதாக வீட்டுக்குள் வந்தது பொய். இசையைப் பற்றியாவது இமாம்களுக்குள் வேறுபாடு உண்டு. பொய்யைப் பற்றி உண்டா?

இன்னொன்று காஷ்மீரத்தில் நடந்தது. பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த மூன்று சிறுமிகள் பிரகாஷ் என்ற பெயரில் இசைக்குழு அமைத்து 2012 டிசம்பரில் ஸ்ரீநகரில் ஒரு போட்டியில் வாசித்தார்கள். 2013 பிப்ரவரியில் அங்குள்ள முஃப்தி அதனை மார்க்கத்துக்கு முரணானது என்று அறிவித்தார். சிறுமிகள் குழுவைக் கலைத்துவிட்டார்கள். ஒரு முஃப்தி தம் கருத்தைச் சொல்வதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னும் பின்னும், முகம் காட்டாத ஆட்கள் இணையத்தில் அந்தக் குழந்தைகளைப் பற்றி எழுதிய வசைகளும் மிரட்டல்களும் இருக்கின்றனவே, அவை எந்த மத்ஹபில் ஆகும்? மிரட்டியவர்களில் சிலரைப் போலீசார் கைது செய்ய நேர்ந்தது. நஸீஹத் செய்கிறவனுக்கு முகம் இருக்க வேண்டும். நாவில் அழுக்கு இருக்கக் கூடாது.

இனி அண்டை வீட்டாரின் ஹக்கு. எங்கள் அனுபவத்தில் அத்தாவும் மகனும் இருவருமே மறந்துவிடுகிற தரப்பு இதுதான். அவர்கள் சண்டை அவர்கள் இருவருக்குள் மட்டும் நடப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். எவனுடைய தீங்கிலிருந்து அவனுடைய அண்டை வீட்டான் அச்சமற்று இருக்கவில்லையோ அவன் ஈமான் கொண்டவனல்லன் என்று நாயகம் (ஸல்) அவர்கள் ஆணையிட்டுச் சொன்ன செய்தியை எல்லோரும் அறிவோம். அண்டை வீட்டான் எந்த மதத்தவன் என்று அதில் பிரித்துச் சொல்லப்படவில்லை.

நம் ஃபுகஹாக்கள் இதை வெறும் உபதேசமாக விட்டுவிடவில்லை. 14-ஆம் நூற்றாண்டில் துனீஸ் நகரில் இப்னுர் ராமி என்ற கட்டட வல்லுநர் இருந்தார். கட்டடத் தகராறுகளில் காஜிகளுக்கு உதவியவர்; அத்தீர்ப்புகளை ஒரு நூலாகவும் எழுதி வைத்தவர். ஒருவர் தம் வீட்டில் மாவு அரைக்கும் எந்திரத்தை வைத்தால் அண்டைச் சுவர் அதிருமா என்பதை எப்படிச் சோதிப்பது? அவர் சொல்லும் முறை வேடிக்கையானது, ஆனால் நுட்பமானது. ஒரு காகிதத்தின் நான்கு மூலைகளிலும் நூல் கட்டி, அண்டை வீட்டின் உத்தரத்திலிருந்து தொங்கவிட வேண்டும். அதன்மேல் உலர்ந்த கொத்தமல்லி விதைகளைப் போட வேண்டும். பிறகு எந்திரத்தைச் சுழற்றச் சொல்ல வேண்டும். காகிதத்தில் கொத்தமல்லி ஆடினால் எந்திரக்காரர் அதை அகற்ற வேண்டும். ஆடாவிட்டால் அண்டை வீட்டார் பொறுத்துக்கொள்ள வேண்டும். பாருங்கள், யார் உரத்துப் பேசினார் என்பதை வைத்துத் தீர்ப்பில்லை. கொத்தமல்லி ஆடியதா இல்லையா, அவ்வளவுதான். அஞ்சறைப் பெட்டி எல்லா வீட்டிலும் இருக்கிறது. அத்தாவும் மகனும் சேர்ந்துபோய்ப் பக்கத்து வீட்டில் அனுமதி கேட்டு இதைச் செய்து பார்க்கலாம். சண்டை போட்டுக்கொண்டிருந்த இருவர் ஒரு காகிதத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் பாதிச் சண்டை அப்போதே இறங்கிவிடும்.

நாட்டுச் சட்டமும் ஏறத்தாழ இதையே சொல்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் அளவு. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. தனியார் வீட்டு ஒலிக்கருவியின் சத்தம் அந்த வீட்டின் எல்லையில் இவ்வளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2005-ல் சொன்னது. டிரம்ஸின் பக்கத்தில் 100 டெசிபலையும் எட்டும். டெசிபல் கணக்கு நம் கூட்டல் கணக்குப் போன்றதன்று. பத்து கூடினால் ஒலியின் வலிமை பத்து மடங்கு. 55 எங்கே, 100 எங்கே!

சென்னையில் ஒரு தேவாலயத்தின் டிரம்ஸ், கிதார் சத்தத்தை எதிர்த்து அக்கம்பக்கத்தார் தொடுத்த வழக்கும் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. பிறருடைய அமைதியைக் கெடுத்து வழிபடும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்ற கருத்தில் 2000 ஆகஸ்டில் தீர்ப்பாயிற்று. பிற மதத்தார் விவகாரம் என்று நாம் ஒதுங்கிக்கொள்ள வேண்டாம். பாங்கைப் பற்றி நாம் பேசவில்லை. பாங்குக்கு அப்பால், இரவு பத்தரை மணி வரையில் வெளி ஒலிபெருக்கியில் பயான் வைக்கிற முத்தவல்லிமார்கள் அந்தத் தீர்ப்பையும், மேலே சொன்ன இஃதிகாஃப் ஹதீஸையும் ஒருமுறை சேர்த்துப் படிக்கட்டும். ஊர்ப் பெரியவர்கள் இதில் ஒழுங்கானால் 15 வயதுப் பிள்ளைக்குச் சொல்ல வாய் இருக்கும்.

மகனுடைய காதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சத்தம் வேண்டாமென்று காதில் மாட்டும் ஒலிப்பானை வாங்கிக் கொடுத்துவிட்டுப் பல பெற்றோர் நிம்மதியாகிவிடுகிறார்கள். வீட்டுக்கு அமைதி, பிள்ளைக்குச் செவிட்டுத்தன்மை. பெரியவர்களுக்கே 80 டெசிபல் சத்தம் வாரத்துக்கு 40 மணி நேரம் வரைதான் பத்திரம், 90 டெசிபலானால் வாரத்துக்கு 4 மணி நேரந்தான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு. காதும் அல்லாஹ் தந்த அமானத்து. அதைப் பற்றி விசாரணை உண்டென்று திருமறை சொல்கிறது.

கண்டிக்கும் முறைக்கு வருவோம். அனஸ் (ரலி) அவர்கள் பத்து வயதில் நாயகம் (ஸல்) அவர்களிடம் பணிக்குச் சேர்ந்தார்கள். பத்து ஆண்டுகள் இருந்தார்கள். அதாவது நாம் எந்த வயதுப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிறோமோ அந்த வயது முழுவதும் அந்த வீட்டில் கழிந்தது. ஒருமுறைகூடத் தம்மை நோக்கி ‘ச்சீ’ என்று சொன்னதில்லை என்று அவர்கள் சாட்சி சொல்கிறார்கள். அனஸ் தவறே செய்யாதவரா? வேலையாக அனுப்பினால் வழியில் விளையாடிக்கொண்டிருந்த சிறுவர்களிடம் நின்றுவிட்டதை அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அப்போது பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்தவர் யாரென்று திரும்பிப் பார்த்தால் நாயகம் (ஸல்) அவர்கள் சிரித்துக்கொண்டு நின்றார்களாம்.

இதைவிட நம் விஷயத்துக்கு நேராகப் பொருந்துவது அபூ மஹ்தூரா (ரலி) அவர்களின் வரலாறு. ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு. ஹுனைன் போர் முடிந்து நாயகம் (ஸல்) அவர்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வழியில் தொழுகைக்குப் பாங்கு சொல்லப்பட்டது. சற்றுத் தொலைவில் மக்கத்து இளைஞர் சிலர் நின்றிருந்தார்கள். அவர்கள் இன்னும் இஸ்லாத்துக்கு வராதவர்கள். பாங்கை அப்படியே திருப்பிக் கூவிக் கேலி செய்தார்கள். இதைவிட மோசமான சத்தம் உண்டா? நம் வீட்டுப் பிள்ளை டிரம்ஸ் அடித்தான். அவர்கள் பாங்கையே கேலி செய்தார்கள்.

நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களை அழைத்துவரச் சொன்னார்கள். வந்து நின்றார்கள். உங்களில் உரக்கக் கேட்ட அந்தக் குரல் யாருடையது என்று கேட்டார்கள். எல்லாரும் ஒருவரைக் காட்டினார்கள். மற்றவர்களை அனுப்பிவிட்டு அவரை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். எழுந்து பாங்கு சொல் என்றார்கள். அப்போது தம் உள்ளத்தில் அவர்கள்மீதும் அவர்கள் சொன்னதன்மீதும் இருந்ததைவிட வெறுப்பு வேறெதன்மீதும் இருக்கவில்லை என்று அபூ மஹ்தூராவே சொல்கிறார். நாயகம் (ஸல்) அவர்கள் ஒவ்வொரு சொல்லாக அவருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். சொல்லி முடித்ததும் வெள்ளிக் காசு கொண்ட ஒரு சிறு பையைக் கொடுத்தார்கள். முன்னெற்றி முடியிலிருந்து முகம், மார்பு வரை கையால் தடவி பரக்கத்துக்காக துஆச் செய்தார்கள். வெறுப்பு முழுவதும் போய் அந்த இடத்தில் அன்பு வந்துவிட்டது என்கிறார். பிறகு அவரே, மக்காவில் பாங்கு சொல்ல எனக்கு அனுமதி தாருங்கள் என்று கேட்டுப் பெற்றுக்கொண்டார். அவருக்குப் பின் அவருடைய சந்ததியாரும் தலைமுறை தலைமுறையாக அந்தப் பணியைச் செய்தார்கள்.

ஏச்சைக் கேட்ட செவி, அதற்குள் ஒரு நல்ல குரல் இருப்பதையும் கேட்டது. நம் அத்தாமார்களுக்கு அந்தக் காது வேண்டும். உள்ளறையிலிருந்து வருகிற சத்தத்தில் தாளம் தவறாமல் இருக்கிறதே, ஒரு பிள்ளை இரண்டு மணி நேரம் ஒரே காரியத்தில் ஊன்றி உட்கார்ந்திருக்கிறானே என்று ஒருமுறையாவது கதவைத் திறந்து பார்த்ததுண்டா? அவ்வளவு பொறுமையுள்ள பிள்ளை தஜ்வீத் படிப்பான். கிராஅத்துக்கு மூச்சடக்கப் பழகுவான். தஃப் முழக்கிப் புகழ்ப்பா பாடுகிறவர்களிடம் போய்க் கற்றுக்கொள்வான். அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களின் கிராஅத்தை நின்று கேட்ட நாயகம் (ஸல்) அவர்கள், தாவூது நபியின் குடும்பத்து இனிய குழலோசைக்கு அதை ஒப்பிட்டார்கள். இனிமையை வெறுக்கிற மார்க்கம் இந்த உவமையைச் சொல்லியிருக்குமா?

உடனே மாறிவிடுவான் என்று நாம் சொல்லவில்லை. மாறும் வரையில் வீட்டுக்கு ஓர் ஏற்பாடு வேண்டும். அதைக் கோபத்தில் இருக்கும் இரவில் செய்யக் கூடாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுது சாப்பிட்ட பிறகு உட்கார்ந்து செய்யலாம். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் ஒரு மணி நேரம். அதற்கு மேல் இல்லை. பாங்கு கேட்டால் கை நிற்க வேண்டும். நன்னி படுத்திருக்கிற அறைக்கு மறுகோடியில். கதவிலும் பொதுச் சுவரிலும் பழைய ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டு, டிரம்ஸின் கீழே ரப்பர் விரிப்புப் போட்டு. பக்கத்து வீட்டாரிடம் போய், இந்த நேரம் உங்களுக்குத் தொல்லையா என்று கேட்க வேண்டியவன் மகன், அத்தா அல்லர். அவர்கள் ஆம் என்றால் அந்த நேரமும் இல்லை. அவனே கேட்டு அவனே கட்டுப்படும்போது அது அத்தாவின் தோல்வியுமில்லை, அவனுடைய தோல்வியுமில்லை. அம்மாமார்களுக்கு ஒன்று சொல்வோம்: அத்தா வெளியே போனதும் ‘இப்போது வாசித்துக்கொள்’ என்று கண் காட்டாதீர்கள். லக்னோ வீட்டுக்கதை அப்படித்தான் தொடங்கும்.

சில வீடுகளில் இந்தப் புத்திமதியெல்லாம் காலங்கடந்து போயிருக்கும். குச்சி ஒடிந்து, வார்த்தை முற்றி, பிள்ளை மூட்டையைக் கட்டிக்கொண்டு சேலத்திலுள்ள மாமு வீட்டுக்கு இறங்கிப் போயிருப்பான். அத்தா, அவனாக வரட்டும் என்று உட்கார்ந்திருப்பார். ஒரு முஸ்லிம் தன் சகோதரனோடு மூன்று நாளுக்கு மேல் பேசாமல் இருப்பது ஆகாது என்றும், இருவரில் சிறந்தவர் முதலில் ஸலாம் சொல்பவரே என்றும் ஹதீஸ் இருக்கிறது. முதலில் சொல்ல வேண்டியவர் இளையவர் என்று அதில் இல்லை. மாமுவைத் தொலைபேசியில் அழைத்து அனுப்பிவிடச் சொல்வதும், அம்மாவை அழுதுகொண்டே போகச் சொல்வதும் போதாது. மஞ்சக்குட்டையிலிருந்து ஏற்காடு வந்து பேருந்து ஏறினால் இருபது கொண்டை ஊசி வளைவுகள். சேலம் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். அத்தாவே போய்வரட்டும்.